வாய் தெரியும், முகம் தெரியாது: வால்பாறையில் ஐந்து நாள்

பதினாலு மாதமாக வால்பாறை டீ எஸ்டேட் ஆட்களின் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வால்பாறையைப் பார்த்ததில்லை.

கோவையில் என் பல் கிளினிக்கை மூடிய பிறகு, செவ்வாயும் வெள்ளியும் ராத்திரி எட்டு மணிக்கு லேப்டாப்பைத் திறந்தால் எஸ்டேட் ஆஸ்பத்திரி சிஸ்டர்கள் அனுப்பிய படங்கள் வந்திருக்கும். ஒரு ஆளுக்கு ஆறு படம்: முன்பல், இடது பக்கம், வலது பக்கம், மேல் வரிசை, கீழ் வரிசை, நாக்கைத் தூக்கி ஒன்று. கூடவே வயது, எத்தனை நாளாக வலி, வெற்றிலை போடுவாரா, சர்க்கரை வியாதி உண்டா என்று நாலு வரி. நான் பார்த்து, என்ன செய்யலாம் என்று எழுதி அனுப்புவேன். எங்களில் நாலு பல் டாக்டர்கள் இதை முறை வைத்துச் செய்கிறோம். மூன்று எஸ்டேட் ஆஸ்பத்திரிகள், மூன்று போன்கள், மூன்று சிஸ்டர்கள். அவ்வளவுதான் எங்கள் ஏற்பாடு.

நேரில் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைத்தே ஒரு வருடம் ஓடிவிட்டது. இந்த மாதம் போய்விட்டேன். அங்கே இருந்தபோது ராத்திரி ராத்திரி எழுதி வைத்ததை இங்கே போடுகிறேன்.

ஜூலை 8, செவ்வாய்

உக்கடத்தில் ஏறும்போது தூறல். பொள்ளாச்சியில் பஸ் மாறும்போது மழை. ஆழியாறு தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் கொட்டியது. மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை உண்டு. 9-வது வளைவில் பாறை மேல் இரண்டு வரையாடுகள் அசையாமல் நனைந்துகொண்டு நின்றன. "அந்தா நிக்குது பாருங்க" என்று கண்டக்டர் காட்ட, பஸ் முழுக்க ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தினமும் போய் வருகிறவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

23-வது வளைவில் மரம் விழுந்து கிடந்தது. இரண்டரை மணி நேரம் நின்றோம். ஒருத்தர்கூடக் கத்தவில்லை. பின்னால் வந்த ஜீப்பிலிருந்து இரண்டு பையன்கள் அரிவாளோடு இறங்கினார்கள், பஸ்ஸிலிருந்து நாலு பேர் கூடச் சேர்ந்துகொண்டார்கள். ஒரு அம்மா ஜன்னல் வழியாகத் துண்டை நீட்டி, "தலைய மூடிக்கிட்டு வெட்டுங்கப்பா" என்றார்.

என் பக்கத்து சீட்டில் அறுபது வயது இருக்கும் ஒரு பாட்டி. சேலைத் தலைப்பைக் கன்னத்தில் அழுத்திக்கொண்டே இருந்தார். பையிலிருந்து முறுக்குப் பொட்டலத்தை எடுத்து என் மடியில் வைத்தார். "எனக்குத் திங்க முடியாது. நீ தின்னு தாயி, நமத்துப் போயிரும்."

பல் பிடுங்கிவிட்டு வருகிறார். நான் பல் டாக்டர் என்றதும், கேட்காமலே பஞ்சை எடுத்துவிட்டு வாயைத் திறந்து காட்டினார். போன் வெளிச்சத்தில் பார்த்தேன். கீழ் வலது கடைவாய்ப் பல் இருந்த குழியில் ரத்தம் நன்றாக உறைந்திருந்தது. சுத்தமாகப் பிடுங்கியிருக்கிறார்கள். இன்றைக்கு வாய் கொப்பளிக்க வேண்டாம், ஒரு வாரம் வெற்றிலை வேண்டாம் என்றேன். "வெத்தல இல்லாமக் கொழுந்து எப்படிப் பறிக்கிறது?" என்றார். உண்மையாகவே பதில் எதிர்பார்த்துத்தான் கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அப்புறம் மெதுவாகக் கதை வந்தது. போன வாரம் முகம் வீங்கிப் பொள்ளாச்சிக்குப் போயிருக்கிறார். வீக்கம் வற்றட்டும், ஐந்து நாள் மாத்திரை சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்று அனுப்பியிருக்கிறார்கள். சீழ் கட்டியிருந்தால் நாங்கள் பல நேரம் அப்படித்தான் சொல்வோம். இன்றைக்கு இரண்டாவது தடவை. முதல் தடவை மகளும் துணைக்கு வந்ததால் அவளுடைய கூலியும் போய்விட்டது. இரண்டு நாள், நாலு பஸ், மூன்று கூலி, ஒரே ஒரு பல்.

அந்த முதல் பயணம் தேவையே இல்லை. அவருடைய எஸ்டேட்டில் ஒரு சிஸ்டர் அந்த வீக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தால், நான் பார்த்துச் சொல்ல, எஸ்டேட் டாக்டரே மாத்திரை எழுதியிருப்பார். வீக்கம் வற்றியதும் ஒரே தடவை இறங்கிப் பிடுங்கிக்கொண்டு வந்திருக்கலாம். அவருடைய எஸ்டேட் எங்கள் மூன்றில் இல்லை.

வால்பாறை சேர மாலை ஐந்தரை. லாட்ஜ் அறை 900 ரூபாய், வெந்நீர் காலையில் மட்டும். கீழே கடையில் கப்பையும் மத்திக் குழம்பும் 120 ரூபாய். குளிருக்கு அந்தக் காரம் அப்படியே நெஞ்சில் இறங்கியது.

ஜூலை 9, புதன்

எஸ்டேட் ஆஸ்பத்திரி தகரக் கூரை போட்ட பழைய கட்டடம். எட்டுப் படுக்கை, பிரசவ அறை, மருந்து கட்டும் இடம் எல்லாம் உண்டு. தோட்டத் தொழிலாளருக்கு வைத்திய வசதியை நிர்வாகமே செய்து தர வேண்டும் என்று 1951-ம் வருடச் சட்டம் சொன்னது. அந்தச் சட்டத்தால் வந்த ஆஸ்பத்திரி. பல் நாற்காலி மட்டும் இல்லை.

சிஸ்டரை இவ்வளவு நாள் குரலாகத்தான் தெரியும். இருபத்திரண்டு வருடமாக இங்கேயே இருக்கிறார். "படம் மங்கலா வருதுன்னு ஆரம்பத்துல எழுதுவீங்களே டாக்டர், அப்புறம் எப்படிச் சரியாச்சுன்னு காட்டறேன், வாங்க" என்று கூட்டிப்போனார்.

மேசையில் ஒரு பிளாஸ்க், ஒரு டம்ளர், இரண்டு வாய்க் கண்ணாடிகள். இந்தக் குளிரில் கண்ணாடியை வாய்க்குள் விட்டதும் மூச்சுக் காற்றில் பனி படிந்துவிடும், படத்தில் வெறும் வெள்ளைதான் தெரியும். அதனால் ஒரு கண்ணாடியை வெந்நீரில் போட்டு வைத்து, எடுத்து, உதறி, துணியில் ஒற்றி, "மூக்குல மூச்சு விடுங்க" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வைக்கிறார். அது ஆறுவதற்குள் இரண்டு படம். அதற்குள் அடுத்த கண்ணாடி சூடாகிவிடும். கன்னத்தை விலக்க நாங்கள் அனுப்பிய பிளாஸ்டிக் ரிட்ராக்டரைப் பார்த்துப் பிள்ளைகள் அழுததால், வீட்டிலிருந்து கொண்டுவந்த எவர்சில்வர் கரண்டியைக் கொதிக்கவைத்துப் பயன்படுத்துகிறார். கரண்டி என்றால் பிள்ளைகள் தானாகவே வாயைத் திறக்கின்றன. இதையெல்லாம் யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. திரையில் தெளிவான படத்தைப் பார்த்து கேமரா நல்ல கேமரா என்று நினைத்திருந்தேன். தெளிவு அவர் கையில் இருந்திருக்கிறது.

அப்புறம் நோட்டை எடுத்தார். நான் எழுதி அனுப்பிய ஒவ்வொரு பதிலையும் தன் கையெழுத்தில் ஏற்றியிருக்கிறார். கடைசிக் கட்டத்தில் "போனார்", "போகவில்லை". என் பதில்களில் பாதிக்கு மேல் ஒரே வரி: "பல் மருத்துவரிடம் நேரில் காட்டவும்." அதற்கு நேரே, பக்கம் பக்கமாக, "போகவில்லை". காரணமும் எழுதியிருக்கிறார். மழை. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. வலி நின்றுவிட்டது. சம்பளம் வரட்டும் என்றார். ஒருத்தருக்கு, "பஸ்ஸில் வாந்தி வரும், பயம்."

நான் அரை நிமிடத்தில் தட்டிவிட்ட வரி அது. இங்கே அதற்கு 64 கிலோமீட்டர், 40 வளைவு, ஒரு நாள் கூலி. நோட்டை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சிஸ்டர் ஒன்றும் சொல்லாமல் டீ கொண்டுவந்து வைத்தார்.

இந்த முறையை நாங்கள் கற்றுக்கொண்டது கலிபோர்னியாவிலிருந்து. பால் கிளாஸ்மேன் என்ற பேராசிரியரும் பசிபிக் பல்கலைக்கழகத்தாரும் 2010 வாக்கில் தொடங்கினார்கள். பள்ளிக்கூடத்துக்கும் முதியோர் இல்லத்துக்கும் பல் சுகாதாரப் பணியாளர் போய்ப் படமும் எக்ஸ்ரேயும் எடுத்து அனுப்புவார், டாக்டர் தன் இடத்திலிருந்தே பார்ப்பார். நாங்கள் எடுத்துக்கொண்டது இந்தப் பாதியை. மீதிப் பாதிதான் முக்கியம் என்று இன்றைக்கு நோட்டைப் பார்த்த பிறகு உறைக்கிறது. அங்கே அந்தப் பணியாளர் சொத்தையைக் கையால் சுரண்டித் தற்காலிகமாக அடைக்கவும் செய்வார். அதற்கு இடம் கொடுத்து 2014-ல் சட்டமே போட்டார்கள். பார்ப்பவர் தூரத்தில் இருக்கலாம், செய்யும் கை பக்கத்தில் இருக்க வேண்டும். எங்கள் சிஸ்டருக்குச் செய்யும் திறமை இருக்கிறது, அனுமதி இல்லை. நம் நாட்டில் 300-க்கும் மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. டாக்டருக்குப் பஞ்சம் இல்லை. அவர்கள் எல்லாரும் என்னைப் போலக் கீழே இருக்கிறார்கள்.

மத்தியானம், சிஸ்டர் முன்பே படம் அனுப்பியிருந்த பிள்ளைகள் வந்தார்கள். அவர்களுக்காக ஒரு சின்ன பாட்டில் கொண்டுவந்திருந்தேன். சில்வர் டையமின் ஃபுளூரைடு, 38 சதவீதம். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது இதை. டிரில் வேண்டாம், ஊசி வேண்டாம், கரண்டும் வேண்டாம். பல்லைப் பஞ்சால் துடைத்துக் காயவைத்து, உதட்டில் வாசலின் தடவி, ஒரே ஒரு சொட்டைக் குட்டி பிரஷ்ஷில் தொட்டுச் சொத்தை மேல் ஒரு நிமிடம் வைத்தால் போதும், பெரும்பாலும் சொத்தை அங்கேயே நின்றுவிடும். ஆனால் சொத்தைப் பட்ட இடம் கருப்பாகும், அப்படியே இருக்கும்.

நாலு வயதுப் பெண் குழந்தை. மேல் முன்பல் நாலும் பின்பல் இரண்டும் சொத்தை. அம்மா தயங்கினார். "பொம்பளப் புள்ள டாக்டரம்மா. கருப்பாத் தெரியுமே."

தெரியும் என்றேன். முன்னால் இருப்பது பால் பல், ஆறிலிருந்து எட்டு வயதுக்குள் விழுந்துவிடும் என்றேன். அவர் உடனே சரி என்று சொல்லவில்லை. வெளியே போய் வீட்டுக்காரருக்குப் போன் போட்டார். திரும்பி வந்து, "பின்னாடிப் பல்லுக்கு மட்டும் வைங்க. முன்னாடி யோசிச்சுச் சொல்றோம்" என்றார். அவர் பிள்ளை, அவர் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். பின்பல் இரண்டுக்கும் வைத்தேன். குழந்தை முகத்தைச் சுளித்து, "காசு மாதிரி இருக்கு" என்றது. நாணயத்தை வாயில் போட்டுப் பார்த்த குழந்தைக்குத்தான் அந்த ருசி தெரியும்.

ஜூலை 10, வியாழன்

வேலைக்கு வந்தவர்களின் பேரைப் பதியும் காலை மஸ்டருக்குப் போய், அவர்கள் கூடவே தோட்டத்துக்குள் ஏறினேன். அட்டை கடிக்காமல் இருக்க உப்பு கொண்டுபோயிருந்தேன். அக்காமார் காலில் ஈரப் புகையிலையைத் தேய்த்துக்கொண்டார்கள். அதே புகையிலையில் ஒரு கிள்ளு வாய்க்கும் போனது. அதை நேரில் பார்த்த பிறகுதான் பஸ் பாட்டியின் கேள்வி எனக்குப் புரிந்தது. குளிர், மழை, எட்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை, பசி. கன்னத்தில் அடக்கிய அந்த ஒரு உருண்டைதான் துணை. "விட்டுவிடுங்கள்" என்று கோவையிலிருந்து எழுதுவது எளிது.

பதினோரு மணிக்கு எடை போடும் இடம். கொழுந்து மூட்டைகளை இறக்கிவிட்டு எல்லாரும் டீ குடித்தார்கள், பாலில்லாத டீயில் நிறையச் சர்க்கரை. எடைக்காரர் ஏதோ சொல்ல, ஒரு அக்கா சிரித்தார். மேல் முன்பல்லில் வலது மூலை சாய்வாக உடைந்து, விளிம்பில் பழுப்புக் கோடு. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தப் பல்லை எனக்குத் தெரியும். மார்ச் மாதம் அனுப்பிய படம். நரம்பு வரை போகவில்லை, அவசரம் இல்லை என்று எழுதியிருந்தேன். இருபது முறை பெரிதாக்கிப் பார்த்த பல், இப்போது ஒரு முகத்தில் இருந்து சிரிக்கிறது. கிட்டப் போய்க் கேட்டேன். "அட, பல்லைப் பார்த்தா கண்டுபிடிச்சீங்க!" என்று கையைப் பிடித்துக்கொண்டார். மாடு முட்டி உடைந்ததாம். நான் விழுந்திருப்பார் என்று நினைத்திருந்தேன். தன் டீயில் பாதியை எனக்கு ஊற்றினார்.

மத்தியானம் வந்தவன் இருபத்து நாலு வயதுப் பையன், ஜார்க்கண்ட்காரன். இப்போது இந்த மலையில் கொழுந்து பறிப்பதில் பெரும் பங்கு இவர்களுடையது. சிஸ்டர் அரைகுறை ஹிந்தியில் பேசுகிறார், அவன் அரைகுறைத் தமிழில் பதில் சொல்கிறான். காரம் பட்டால் வாய் எரிகிறது, ஆறு மாதமாகச் சாப்பாட்டில் மிளகாயே இல்லை என்றான். மூன்று விரலை அடுக்கி வாயில் வைக்கச் சொன்னேன். நம் எல்லாருக்கும் நம் விரல் மூன்று நுழையும். அவனுக்கு இரண்டோடு நின்றுவிட்டது. கன்னத்தின் உள்பக்கம் விரலால் தடவினேன். மெத்தென்று இருக்க வேண்டிய இடத்தில் கயிறு கயிறாக இழுத்துக்கொண்டிருந்தது. பாக்கு. பதினைந்து வயதிலிருந்து பாக்கெட் பாக்கு போடுகிறான். வெறும் பாக்கே, புகையிலை சேராமலே, புற்றுநோயை வரவழைக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே எழுதிவைத்தது. அவன் வாங்கும் பாக்கெட்டில் ஏலக்காய்ப் படம் போட்டிருக்கிறது.

இடது கன்னத்தில் ஒரு வெள்ளைத் திட்டு. நகக்கண் அளவு. துடைத்தால் போகவில்லை. நடுவில் கொஞ்சம் சிவப்பு.

அதைச் சிஸ்டர் இரண்டு வாரம் முன்பே கண்டுபிடித்திருக்கிறார். படம் எடுத்து, என் முறைக்கு அனுப்பி, நான் "நேரில் காட்டவும், அவசரம்" என்று எழுதி, நோட்டில் "போகவில்லை".

சிஸ்டரின் கண் லேசுப்பட்டது இல்லை. பக்கத்து மாநிலத்தில் திருவனந்தபுரத்தில், 1.9 லட்சம் பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. டாக்டர் அல்லாத சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாயைப் பார்த்தார்கள். புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடம் வாய்ப் புற்றுநோய்ச் சாவு 34 சதவீதம் குறைந்தது. டாக்டர் சங்கரநாராயணன் குழுவினர் 2005-ல் அதை வெளியிட்டார்கள். கண்டுபிடிக்கிற வேலை இந்தக் கண்களாலேயே ஆகும். கண்டுபிடித்ததற்கு அடுத்த நாள்தான் நம்மிடம் ஓட்டை.

பையனிடம் புற்றுநோய் என்று சொல்லவில்லை, ஏனென்றால் அது இன்னும் தெரியாது. ஒரு துளிச் சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும், சனிக்கிழமை நானே கூட்டிப்போகிறேன் என்றேன். "கூலி?" என்றான். சிஸ்டர் எழுந்து சூப்பர்வைசரைத் தேடிப் போனார்.

சாயங்காலம் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்கு இறங்கலாம் என்று கிளம்பும்போது சிஸ்டரின் போன் சத்தம் போட்டது. யானை. மேட்டில் இருக்கும் சிவப்பு விளக்கும் எரிய ஆரம்பித்தது. நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன் என்ற காட்டுயிர்ப் பாதுகாப்பு அமைப்பின் ஆட்கள் ஏற்படுத்திய முறை இது. யானை பக்கத்தில் இருந்தால் எஸ்டேட் ஆட்களின் போனுக்குச் செய்தி வரும், விளக்கும் எரியும். இங்கே போன் ரொம்ப வருடமாக உயிரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. சிஸ்டர் கையில் போன் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னபோது யாரும் பயப்படாததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். இருட்டும் வரை ஆஸ்பத்திரித் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தோம். யானையைப் பார்க்கவில்லை, கிளை முறிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

ராத்திரி ஏழு மணிக்குச் சிக்னல் போனது. இன்றைக்கு எடுத்த படம் ஒன்றும் கீழே போகவில்லை.

ஜூலை 11, வெள்ளி

முழு நாளும் மழை, கரண்டும் இல்லை. இரண்டாவது எஸ்டேட்டுக்குப் போக முடியவில்லை. லாட்ஜ் கடையில் காலை, மதியம் இரண்டு வேளையும் பரோட்டாதான் இருந்தது, சுக்குக் காப்பி 20 ரூபாய்.

மெழுகுவத்தி வெளிச்சத்தில் சிஸ்டர் நோட்டில் இருந்த "போகவில்லை" எல்லாவற்றையும் பிரித்து எழுதினேன். மாத்திரையோடு மேலேயே முடிவது, பாட்டில் மருந்தில் நிற்பது, ஒரே நாளில் நாலு பேராகச் சேர்ந்து இறங்கினால் முடிவது, தள்ளிப்போடவே கூடாதது. கடைசி வகையில் மூன்று பேர்தான். இதை நான் பதினாலு மாதம் முன்பே செய்திருக்க வேண்டும். மூன்று பேரையும் பேர் பேராகத் தெரிந்திருந்தால், ஆள் வைத்தாவது கூட்டிவந்திருக்கலாம்.

ஜூலை 12, சனி

ஆறு மணி பஸ். பையன் தலை சீவி, இஸ்திரி போட்ட சட்டையில் எனக்கு முன்பே வந்து நின்றான். சிஸ்டர் ராத்திரி டியூட்டி முடித்த கையோடு வழியனுப்ப வந்தார். பையன் பாக்கெட்டில் கையை விட்டுப் பாக்குப் பொட்டலம் இரண்டை எடுத்து, சிஸ்டர் கையிலேயே கொடுத்தான். அவர் சொல்லாமலே கொடுத்தான்.

மூடுபனியில் முன்னால் போகும் லாரியின் பின் விளக்கு மட்டும் தெரிந்தது. 40-லிருந்து வளைவு எண்கள் இறங்கிக்கொண்டே வந்தன. அட்டகட்டி தாண்டியதும் வெயில். போனில் சிக்னல் வந்து, வியாழக்கிழமைப் படங்கள் ஒவ்வொன்றாகக் கீழே போனது தெரிந்தது.

பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் வடை வாங்கினேன். அவன் வேண்டாம் என்று தலையாட்டினான், மிளகாய். பன் வாங்கிக் கொடுத்தேன். டீயை ஆற்றி, பன்னைச் சின்னச் சின்னதாகப் பிய்த்து, நனைத்து, அந்த இரண்டு விரல் இடைவெளிக்குள் பொறுமையாக நுழைத்துச் சாப்பிட்டான். காசை அவனே கொடுப்பேன் என்று நின்றான். 35 ரூபாய். கொடுக்கவிட்டேன்.

கோவை அரசு மருத்துவமனையில் பதினொன்றரைக்கு உள்ளே போனான். இருபது நிமிடம். வாயில் பஞ்சோடு வெளியே வந்து, போனை என்னிடம் நீட்டினான். சிஸ்டர் அனுப்பிய குரல் செய்தி, அவனுக்காக ஹிந்தியில் மெதுவாகப் பேசியது: சூப்பர்வைசரிடம் சொல்லியாகிவிட்டது, இன்றைக்கு மஸ்டரில் பேர் போட்டாகிவிட்டது. ரிசல்ட் வாங்க நீ வரவேண்டாம், டாக்டரம்மா படம் எடுத்து எனக்கு அனுப்பிவிடுவார்.

அதை இரண்டு தடவை போட்டுக் கேட்டான். ரிசல்ட் அடுத்த வெள்ளிக்கிழமை.